அச்சேறிய முகங்கள்



நம்மில் பலருடைய வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்திலே பழைய புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கும். தாத்தா நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாட்டி அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். பின்னால் தூணும் தோட்டமும் வரைந்த திரை ஒன்று தொங்கும். இருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. கைகள் விறைத்திருக்கும். பட்டணத்துக்குப் போய், இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, ஸ்டூடியோக்காரர் சொன்னபடி அசையாமல் இருந்து எடுத்துக்கொண்ட படம் அது.

அந்தப் படத்தை நாம் போற்றிப் பாதுகாக்கிறோம். ஆயினும் அது அவர்களுடைய வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைத்தான் காட்டுகிறது. இருட்டு விலகுவதற்கு முன்பே பெரட்டுக்கு வந்து நின்ற தாத்தாவும், பால்வாளியைச் சுமந்துகொண்டு நிரை நிரையாக நடந்த பாட்டியும் அந்தப் படத்தில் இல்லை. உழைப்பவர்களை அவர்கள் உழைக்கிற கோலத்திலேயே படம் பிடித்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லையா? இருந்தார்கள் என்றால் அந்தப் படங்கள் எங்கே அச்சாயின? அச்சானதால் உழைத்தவர்களுக்கு என்ன நன்மை கிடைத்தது? இந்தக் கேள்விகளுக்கு வரலாறு சொல்லும் விடையை இன்று நாம் பார்ப்போம்.

முதலில் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸுக்குச் செல்வோம். புகைப்படக் கலையை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயி டாகேர் என்பவர், 1838ஆம் ஆண்டில் தம் கட்டடத்தின் சன்னல் வழியாகத் தெருவைப் படம் எடுத்தார். அது குதிரை வண்டிகளும் ஆட்களும் ஓயாமல் போய்வரும் பெரிய தெரு. ஆனால் படத்தைப் பார்த்தால் ஊரே காலி செய்துவிட்டுப் போனதைப் போலத் தெருவில் யாருமே இல்லை. காரணம் என்னவென்றால், அக்காலத்துத் தகட்டில் உருவம் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. அதற்குள் நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் தடமில்லாமல் மறைந்துவிட்டனர்.

ஒரு மூலையில் மட்டும் ஓர் உருவம் தெரிகிறது. யாரோ ஒருவர் தம் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். மெருகு போடுகிற தொழிலாளி அவர் காலடியில் இருந்தார். வேலை முடியும்வரை இருவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதனால் அவர்கள் மட்டும் படத்தில் பதிந்தார்கள். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர்கள் இவர்களே என்று பலரும் கூறுகிறார்கள். தங்களைப் படம் எடுக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய பெயரும் நமக்குத் தெரியாது. சாமானிய மக்களின் புகைப்பட வரலாறு ஒரு தொழிலாளியிடம், பெயர் தெரியாத தொழிலாளியிடம் தொடங்குகிறது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மறுபடியும் இதற்கு வருவோம்.

பிறகு தகடுகள் மெல்ல மெல்லச் சீர்பட்டன. ஆனாலும் முகம் அசையாமலிருக்க வேண்டும் என்பதற்காகப் படமெடுக்க வந்தவரின் தலையைப் பின்னாலிருந்து ஓர் இரும்புத் தாங்கியில் பொருத்தி வைப்பார்கள். தாத்தா காலத்துப் படங்களின் விறைப்பு இந்தப் பழக்கத்தின் மிச்சம்தான். வசதி உள்ளவர்கள் தாங்கள் விரும்பியபடி படம் எடுத்துக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்களைப் பெரும்பாலும் யாரும் படம் எடுக்கவில்லை.

இரண்டாவதாக, அச்சிடுவதிலே ஒரு சிக்கல் இருந்தது. புகைப்படத்தைப் பத்திரிகையில் எழுத்துகளோடு சேர்த்து அச்சிட வழி இல்லை. எழுத்து என்றால் ஒன்று மை இருக்கும், அல்லது மை இருக்காது. புகைப்படத்திலோ கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் எத்தனையோ சாயல்கள் உண்டு. ஆகையால் ஓவியர் ஒருவர் படத்தைப் பார்த்து வரைவார். செதுக்குகிறவர் அதை மரக்கட்டையில் செதுக்குவார். அந்தக் கட்டையைத்தான் அச்சிடுவார்கள். பத்திரிகை வாசகர்களுக்குக் கிடைத்தது புகைப்படத்தின் நகல் ஓவியம்தான்.

இதற்கும் ஒரு வழி பிறந்தது. நுண்ணிய கோடுகள் கொண்ட கண்ணாடித் திரை ஒன்றின் வழியாகப் படத்தை மறுபடியும் படம் எடுத்தால், அது சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். கறுப்பான இடத்தில் புள்ளிகள் பெரியவை. வெளுப்பான இடத்தில் சிறியவை. தள்ளி வைத்துப் பார்க்கும்போது நம் கண் அந்தப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து முகமாகக் காண்கிறது. வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நாளிதழில் வந்த ஒரு படத்தின்மேல் வைத்துப் பாருங்கள், இந்தப் புள்ளிகள் தெரியும். இந்த முறையில் 1880ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் தேதி நியூயார்க் நகரத்தின் 'டெய்லி கிராஃபிக்' என்னும் பத்திரிகை ஒரு படத்தை வெளியிட்டது. அது எதன் படம் தெரியுமா? அரண்மனையின் படமல்ல. அந்த நகரத்து ஏழைகள் வாழ்ந்த குடிசைப் பகுதியின் படம்!

அதே நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் இருந்தார். டென்மார்க் நாட்டில் பிறந்து, 1870ஆம் ஆண்டு பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்தவர். நெருக்கடியான அடுக்கு வீடுகளில், காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் மக்கள் படுகிற பாட்டை எழுதி எழுதிப் பார்த்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. எழுத்தை நம்பாதவர்கள் படத்தை நம்புவார்கள் என்று எண்ணி, இருட்டில் படம் எடுப்பதற்குப் புதிதாக வந்திருந்த மின்னல் பொடியை எடுத்துக்கொண்டு இரவு நேரங்களில் அந்த அறைகளுக்குள் நுழைந்தார். பொடி பளீரென்று எரியும். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு விழிப்பார்கள். அதற்குள் படம் பதிந்துவிடும். அந்தப் பொடியால் ஒரு தடவை வீட்டிலேயே தீப்பிடித்ததும் உண்டு. 1890ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட புத்தகம், வசதியாக வாழ்ந்தவர்களின் மனச்சாட்சியை உலுக்கியது. வீட்டுச் சட்டங்கள் திருந்துவதற்கு அது உதவியது. அதே சமயத்தில், வறியவர் என்பதால் அவருடைய அறைக்குள் கேட்காமலே நுழையலாமா என்னும் கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது.

அடுத்து வருகிறவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பெயர் லூயிஸ் ஹைன். 1874ஆம் ஆண்டு பிறந்தவர். அக்காலத்தில் அமெரிக்காவின் பஞ்சாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பருத்திக் காடுகளிலும் பழத்தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் கூலி வேலை செய்தார்கள். இந்தக் கொடுமையை ஒழிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு என்ற அமைப்பு 1904ஆம் ஆண்டில் தோன்றியது. அந்தக் குழு 1908ஆம் ஆண்டில் ஹைனைத் தன் புகைப்படக்காரராக அமர்த்திக்கொண்டது. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, கனமான காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு அவர் ஊர் ஊராகப் புறப்பட்டார்.

ஆலை முதலாளிகள் அவரை உள்ளே விடுவார்களா? எனவே அவர் பல வேடம் போட்டார். ஓரிடத்தில் பைபிள் விற்பவர் என்றார். இன்னோரிடத்தில் அஞ்சலட்டை விற்பவர் என்றார். வேறோர் இடத்தில் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் என்றார். இயந்திரத்தின் அளவு தெரிய வேண்டும் என்று சொல்லி ஒரு குழந்தையை அதன் பக்கத்தில் நிற்க வைப்பார். தம் மேல்சட்டையின் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கின்றன என்பதை முன்பே அளந்து வைத்திருப்பார். குழந்தையின் தலை எந்தப் பொத்தானுக்கு எட்டுகிறதோ, அதைக் கொண்டு அதன் உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்வார். சட்டைப்பைக்குள் கையை விட்டு, உள்ளேயே இருந்த தாளில், யாரும் காணாதபடி குறிப்பெழுதுவார்.

அவருடைய குறிப்புகளில் ஒன்றை நாம் பார்ப்போம். 1908ஆம் ஆண்டு வடக்குக் கரோலைனா மாநிலத்துப் பஞ்சாலை ஒன்றில் ஒரு சிறுமியைப் படம் எடுத்தார். உயரம் 51 அங்குலம். ஆலையில் சேர்ந்து ஓராண்டு. சில நாட்கள் இரவு வேலையும் உண்டு. நாளுக்குக் கூலி 48 காசு. வயது என்ன என்று கேட்டதற்கு, அவள் தயங்கி, நினைவில்லை என்றாளாம். பிறகு குரலைத் தாழ்த்தி, வேலை செய்கிற வயது தனக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்றாளாம். படத்தில் அவள் நீண்ட இயந்திர வரிசையின் பக்கத்தில் நின்று நம்மை நேராகப் பார்க்கிறாள். பெயர் கிடைக்காத இடத்திலும் உயரத்தையும் கூலியையும் சொன்ன சொல்லையும் விடாமல் எழுதினார் ஹைன். பெயர் கிடைத்த இடங்களில் பெயரையும், வயதையும், ஊரையும், மாதத்தையும் எழுதி வைத்தார். இப்படி அவர் எடுத்த படங்கள் 5,000க்கும் மேல்.

இந்தப் படங்கள் சஞ்சிகைகளிலும் துண்டு வெளியீடுகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சாகி நாடெங்கும் சென்றன. தன் கண்ணாலே பார்த்த பிறகு பொய் என்று யார் சொல்ல முடியும்? 1916ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் குழந்தைத் தொழிலுக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. இரண்டே ஆண்டுகளில், 1918இல், உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தள்ளிவிட்டது. ஆயினும் போராட்டம் ஓயவில்லை. 1938ஆம் ஆண்டில் வந்த நியாயமான தொழில்முறைச் சட்டமே நிலைத்தது. ஹைன் அந்தக் குழுவில் சேர்ந்த ஆண்டிலிருந்து அதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. ஒரு படம் அச்சானவுடன் விடிந்துவிடும் என்று நாம் நினைக்கக் கூடாது. அதன் பின்னால் சங்கம் கட்டியவர்களும், மனு எழுதியவர்களும், வாக்குச் சேகரித்தவர்களும் இருந்தார்கள். ஹைனோ 1940ஆம் ஆண்டு, வீட்டையும் இழந்து, வறுமையிலே இறந்துபோனார்.

இதற்கிடையில் ஜெர்மனியில் ஒரு புதுமை நடந்தது. ஆஸ்கர் பார்னாக் என்ற பொறியியலாளருக்கு மூச்சிரைப்பு நோய். கனமான காமிராவை மலைமீது தூக்கிப்போக முடியவில்லை. சினிமாப் படச்சுருளைப் போட்டு எடுக்கக்கூடிய சிறிய காமிரா ஒன்றை அவர் உருவாக்கினார். 'லைக்கா' என்ற பெயரில் 1925ஆம் ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. கையடக்கமானது; ஒரு சுருளில் 36 படங்கள். இனி யாரையும் நிற்கச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்கள் நடக்கும்போதும் பேசும்போதும் சிரிக்கும்போதும் அவர்கள் அறியாமலே எடுத்துவிடலாம். பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸோன் தம் லைக்காவின் பளபளப்பு யார் கண்ணிலும் படாதிருக்க அதைக் கறுப்பாக்கிக்கொண்டு தெருவில் நடந்தார் என்பார்கள். படங்களை மட்டுமே நம்பி நடக்கும் வார இதழ்களும் பெருகின. சாமானியரின் முகம் அச்சில் வருவது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது.

இனி, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு படத்தின் கதைக்கு வருவோம்.

1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பங்குச் சந்தை வீழ்ந்தது. ஆலைகள் மூடின, இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்த மந்தம் உலகெங்கும் பரவியது. இரப்பர் விலை சரிந்து, மலாயாத் தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்ததும், ஆயிரக்கணக்கான நம் மக்கள் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அந்த மந்தத்தினால்தான். அமெரிக்காவிலோ, வேலையற்ற குடும்பங்கள் பழைய மோட்டார் வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, எந்த ஊரில் என்ன அறுவடையோ அந்த ஊருக்குப் போய்க் கூலிக்குப் பறித்து வாழ்ந்தன. இன்று பருத்தி, நாளை பட்டாணி, மறுநாள் பழம். தங்குவதற்கு லயம் கூட இல்லை. கித்தான் துணிக் கூடாரம்தான்.

இந்த மக்களின் நிலையைப் படம் பிடித்து நாட்டுக்குக் காட்டுவதற்காக அமெரிக்க அரசாங்கமே சில புகைப்படக்காரர்களை அமர்த்தியது. அவர்களில் ஒருவர் டோரதியா லாங் என்ற பெண்மணி. 1895ஆம் ஆண்டில் பிறந்தவர். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் வாழ்நாள் முழுவதும் கால் தாங்கி நடந்தவர். சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஸ்டூடியோ வைத்து வசதி படைத்தவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே இலவச ரொட்டிக்காக வரிசையில் நிற்பவர்களைக் கண்டு மனம் பொறுக்காமல் தெருவுக்கு வந்துவிட்டார்.

1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் தொடக்கம். ஒரு மாதம் ஊர் சுற்றிப் படமெடுத்துவிட்டு, மழையில் தனியாக வண்டியோட்டிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊருக்கு அருகே, பட்டாணி பறிப்போரின் முகாம் என்ற பலகை கண்ணில் பட்டது. நிற்காமல் போய்விட்டார். மனம் கேட்கவில்லை. இருபது மைல் போன பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அந்தப் பருவத்தில் பட்டாணி உறைபனியிலே அழிந்துபோய்விட்டது. பறிக்க ஒன்றுமில்லை, கூலியும் இல்லை. அந்த முகாமில் ஒரு கூடாரத்தின் வாயிலில் ஒரு தாய் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். லாங் பத்து நிமிடம்தான் அங்கே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிச் சில படங்கள் எடுத்தார். தாயின் வயதைக் கேட்டார். 32 என்று பதில் வந்தது. பெயரைக் கேட்கவில்லை. ஊரையும் கேட்கவில்லை.

கடைசியாக எடுத்த படம்தான் உலகப் புகழ் பெற்றது. இரண்டு பிள்ளைகள் தாயின் இரு தோள்களிலும் சாய்ந்து முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை. தாயின் ஒரு கை கன்னத்தைத் தொட்டபடி இருக்கிறது. கண்கள் எங்கோ தொலைவைப் பார்க்கின்றன. நாளைக்கு அடுப்பு மூட்டுவது எப்படி என்று ஒரு தாய் யோசிக்கும் முகத்தை நாம் அறியமாட்டோமா? அந்த முகம்தான் அது.

படங்கள் உடனே 'சான்பிரான்சிஸ்கோ நியூஸ்' பத்திரிகைக்குப் போயின. மார்ச் 10, 11 தேதிகளில் அச்சில் வந்தன. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். அந்த முகாமுக்கு 20,000 ராத்தல் உணவுப் பொருட்களை அரசாங்கம் விரைந்து அனுப்பியது. பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்டனர். அச்சில் வந்த ஒரு படத்துக்கு இத்தனை ஆற்றல் உண்டா என்று நாம் வியக்கிறோம்.

ஆனால், அந்தத் தாயும் பிள்ளைகளும் அந்த உணவில் ஒரு பிடியும் உண்ணவில்லை. லாரிகள் வந்து சேருமுன்பே அடுத்த வேலையைத் தேடிப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். பெயரை எழுதி வைத்திருந்தாலாவது தேடியிருக்கலாம். பெயர்தான் இல்லையே!

அதன்பின் ஆண்டுகள் உருண்டன. அந்தப் படம் புத்தகங்களில் வந்தது, கண்காட்சிகளில் தொங்கியது, அமெரிக்காவின் வறுமைக்கும் மன உறுதிக்கும் ஒரு சின்னமாகவே ஆகிவிட்டது. படத்தில் இருந்த தாயோ பருத்தி பறித்தும் வேறு கூலி வேலைகள் செய்தும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். 1958ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகையில் தம் முகத்தை அவரே கண்டார். தம்மைக் கேட்காமல் போட்ட அந்தப் படத்தை இனி வெளியிடக் கூடாது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஆனால் படம் அரசாங்கத்துக்குச் சொந்தமானது; யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தடுக்கும் உரிமை லாங்குக்கே இல்லை. அந்தப் படத்தை மற்றவர்கள் அச்சிட்டதால் லாங்குக்கும் வருமானம் வரவில்லை.

1978ஆம் ஆண்டில்தான் ஒரு பத்திரிகை நிருபர் அவரைக் கண்டுபிடித்து எழுத, உலகத்துக்கு அவர் பெயர் தெரியவந்தது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். 1903ஆம் ஆண்டில் பிறந்தவர். அமெரிக்காவின் ஆதிகுடிகளில் ஒன்றான செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து உருகிய நாடு, அவர் இன்னார் என்பதையே அறியாமல் இருந்தது.

அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. அந்தப் பெண்மணி என் பெயரைக் கேட்கவில்லை. படத்தை விற்கமாட்டேன் என்றார். ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை. எனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்ற கருத்துப்பட அவர் பேசினார். இன்னொன்றும் இருந்தது. உணவு வாங்குவதற்காகக் குடும்பத்தார் தங்கள் மோட்டார் வண்டியின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதியிருந்தார். நாங்கள் டயரை விற்கவே இல்லை. பழுதான வண்டியைச் சரிசெய்ய ஆண்கள் போயிருந்தார்கள், திரும்பி வரட்டும் என்றுதான் காத்திருந்தோம் என்றது குடும்பம். யாரோ ஒருவரின் கதை வேறொருவரின் முகத்தின்கீழே அச்சாகிவிட்டது போலும். அவர்களுடைய வறுமை உண்மைதான். ஆனால் தன் வாழ்க்கையைப் பற்றி, தான் சொல்லாத ஒன்றை ஊர் முழுதும் படிப்பது யாருக்குத்தான் பொறுக்கும்?

லாங்கின் பக்கத்தையும் நாம் கேட்க வேண்டும். அவர் 1965ஆம் ஆண்டில் இறந்துவிட்டார். அதற்கு முன் 1960ஆம் ஆண்டில் அந்த நாளைப் பற்றி எழுதினார். பெயர் கேட்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் படம் தமக்கு உதவக்கூடும் என்று அந்தத் தாய் உணர்ந்து தமக்கு உதவினார் என்று அவர் எண்ணியிருந்தார். லாங் கெட்டவர் அல்லர். பெற்ற சம்பளத்துக்கு மேல் அந்த மக்களுக்காக உழைத்தவர். அவருடைய படத்தால் ஒரு முகாமே பசியாறியது. ஆயினும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்தார். அந்த ஒரு கேள்வியின் விலையை இன்னொருவர் வாழ்நாள் முழுவதும் கொடுத்தார்.

1983ஆம் ஆண்டு தாம்சன் நோயில் விழுந்தார். மருத்துவச் செலவுக்கு வழியில்லாமல் பிள்ளைகள் பத்திரிகை மூலம் வேண்டுகோள் விடுத்தனர். நாடெங்கிலுமிருந்து கடிதங்களும், 25,000 டாலருக்கும் அதிகமான பணமும் வந்து குவிந்தன. அனுப்பியவர்களில் பலர் அந்தப் படத்தைத் தங்கள் வாழ்வில் ஒரு வழிகாட்டியாகக் கொண்டவர்கள். அதைப் பார்த்த பிறகே தாயின் படத்தை மக்கள் எப்படி மதித்தார்கள் என்பதைப் பிள்ளைகள் உணர்ந்தார்களாம். அதே ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் இறந்தார். பெயர் தெரிந்ததால்தான் அந்த உதவியாவது வந்து சேர்ந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1998ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல்துறை நூற்றாண்டு நினைவுத் தபால்தலைகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்றில் தாம்சனின் முகம் இருந்தது. இன்னொன்றில் லூயிஸ் ஹைன் 1910ஆம் ஆண்டு வெர்மாண்ட் மாநிலத்தில் எடுத்த ஒரு பஞ்சாலைச் சிறுமியின் படம் இருந்தது. கிழிந்த அழுக்குச் சட்டையும் வெறுங்காலுமாக இயந்திரத்தில் சாய்ந்து நிற்கும் அந்தச் சிறுமிக்கு அப்போது வயது 12. எலிசபெத் விந்திராப் என்ற எழுத்தாளர், இந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று தேடத் தொடங்கினார். நெடுங்காலமாக அவளுடைய பெயர் தவறாகவே வழங்கி வந்தது. ஆனால் ஹைன் எழுதிய குறிப்பில் சரியான பெயர் இருந்தது: ஏடி கார்ட். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பதிவேடுகளைத் தேடி, அவருடைய பேரப்பிள்ளைகளையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஏடி தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 1993ஆம் ஆண்டில் இறந்திருந்தார். தம்முடைய படம் நாடெங்கும் அறிந்த படம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆயினும் அவர் குடும்பத்துக்கு அவர் திரும்பக் கிடைத்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டு ஓர் ஆசிரியர் எழுதிய பெயர், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பேத்தியின் வீட்டுக் கதவைத் தட்டியது.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் என்ற ஐரோப்பிய ஸ்டூடியோ இருந்தது. மலாயாவின் காட்சிகளையும் பல இன மக்களின் உருவங்களையும் படம் எடுத்து வெள்ளையர்களுக்கு விற்றது. அந்தக் காலத்து அஞ்சலட்டைகளில் நம் முன்னோரும் இருக்கிறார்கள். அவற்றின்கீழே தமிழ்க் கூலி என்றும் கிளிங் என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஆளின் பெயர் இராது. பாரிஸ் தெருவில் காலணிக்கு மெருகு போட்டவரின் கதைதான் இங்கும். பிறகு 1948ஆம் ஆண்டு அவசரகாலம் பிறந்தபோது, மலாயாவில் படத்தோடு கூடிய அடையாள அட்டை வந்தது. நம் தாத்தா பாட்டிகளின் முகத்தோடு பெயரும் சேர்ந்து பதிவானது. எழுதியவர் செய்த எழுத்துப் பிழைகளும் சேர்ந்தே பதிவாயின என்பது வேறு கதை!

இன்று நிலைமை மாறிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் காமிரா உள்ள கைப்பேசி இருக்கிறது. பெற்றோர் வாழ்ந்த தோட்டங்களில் பல இன்று இல்லை. செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயம் இருந்த இடமும், ஆயாக்கொட்டகை இருந்த இடமும், கோயில் மரத்தடியும் பழைய படங்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆகவே மூன்று காரியங்களை நாம் செய்யலாம்.

முதலாவது, வீட்டில் இருக்கிற பழைய படங்களை இறக்கி, வயதான பெரியவர்களிடம் காட்டி, யார் யார் என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதி வைக்கலாம். இடமிருந்து வலமாகப் பெயர்கள், தோட்டத்தின் பெயர், டிவிஷன், தெரிந்தால் ஆண்டு. பேனா மை படத்தில் ஊறிவிடும், பென்சில் ஊறாது. பிள்ளைகள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். சொல்லத் தெரிந்த பாட்டி இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நாம் படம் எடுக்கும்போது, உழைக்கிறவரின் இயல்பான கோலத்தை எடுப்போம். அது வரலாறு. ஆனால் எடுத்த பிறகாவது அவரிடம் போய்ச் சொல்லி, பெயர் கேட்டு, சம்மதமும் கேட்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். படம் எங்காவது அச்சில் வந்தால் ஒரு பிரதியை அவர் கையில் சேர்ப்போம். லாங் மறந்ததை நாம் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, நம்மை வந்து படம் எடுக்கிறவரிடம் நாமும் கேட்கலாம். இந்தப் படம் எங்கே வரும்? இதன்கீழே என்ன எழுதப் போகிறீர்கள்? என் பெயரைச் சரியாக எழுதிக்கொண்டீர்களா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது நம் உரிமை.

இன்று மாலை வேலையெல்லாம் முடிந்த பிறகு, அந்தச் சுவரில் இருக்கும் படத்தை ஒரு தடவை கீழே இறக்கிப் பாருங்கள். பின்புறம் வெறுமையாக இருந்தால் ஒரு பென்சிலைத் தேடி எடுங்கள்.